கம்பவுண்டர் மகள் பி.ஃபார்ம் சேர்ந்த கதை

சித்தி மகள் இந்த வருஷம் பி.ஃபார்ம், அதாவது மருந்தாளுநருக்கான பட்டப்படிப்பில், சேர்ந்திருக்கிறாள். "அக்கா, ஃபர்ஸ்ட் இயர் எப்படி இருக்கும்? கஷ்டமா?" என்று வாட்ஸப்பில் கேட்டாள். பதில் தட்ட ஆரம்பித்தேன். கட்டைவிரல் வலித்தது, விஷயம் முடியவில்லை. சரி, இங்கேயே எழுதிவிட்டு இணைப்பை அனுப்பிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் அப்பாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அப்பா எங்கள் ஊர் மெடிக்கல் ஒன்றில் 1997-லிருந்து நிற்கிறார். படிப்பு பத்தாவது. ஊரில் வயசானவர்கள் இன்றைக்கும் அவரை 'கம்பவுண்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள். அப்பா தன் வாழ்நாளில் எதையும் கம்பவுண்ட் செய்ததில்லை, அதாவது மருந்து எதையும் கலந்து தயாரித்ததில்லை. மாத்திரை அட்டையை எடுப்பார், கத்தரியால் நறுக்குவார், காகிதக் கவரில் போட்டு மேலே 1-0-1 என்று எழுதிக் கொடுப்பார். டாக்டர்களின் கையெழுத்து எல்லாம் அவருக்குத் தண்ணி பட்ட பாடு.

கடைச் சுவரில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் ஃபிரேம் போட்ட சான்றிதழ் ஒன்று தொங்கும். மூலையில் பாஸ்போர்ட் அளவு போட்டோ. மீசை வைத்த, காது மறைய முடி வளர்த்த ஓர் இளைஞர். அந்தக் கடையின் மருந்தாளுநர் அவர்தான், காகிதப்படி. அப்பா ஒருநாள்கூட அவரை நேரில் பார்த்ததில்லை. சான்றிதழுக்கு மாச வாடகை போய்க்கொண்டிருந்தது, அவ்வளவுதான். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் கண்ணாடியைத் துடைத்து, சாமி படங்களோடு சேர்த்து அந்த ஃபிரேமுக்கும் அப்பா ஒரு சந்தனப் பொட்டு வைப்பார். சின்ன வயதில் அவரையும் ஏதோ சாமியார் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

2018-ல் பிளஸ் டூ முடித்தேன். 1,200-க்கு 1,043. நீட் கைகொடுக்கவில்லை. பாராமெடிக்கல் கவுன்சலிங்கில் பி.ஃபார்ம் கிடைத்தது. ஆச்சிக்கு விஷயமே பிடிபடவில்லை. "மெடிக்கல்ல நிக்கதுக்கு ஒங்கப்பன் படிக்கவா செஞ்சான்? நீ எதுக்குட்டி நாலு வருசம் படிக்கணும்?" என்றாள். அன்றைக்கு என்னிடமும் பதில் இல்லை.

முதல் வாரம் ஃபார்மசூட்டிக்ஸ் (மருந்து தயாரிக்கும் பாடம்) வகுப்பில் சார் வரலாற்றிலிருந்து தொடங்கினார். வெள்ளைக்காரன் காலத்தில் சந்தையில் கலப்பட மருந்து மலிந்துபோனதால் 1930-ல் சோப்ரா தலைமையில் ஒரு குழு போட்டது, 1932-ல் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் மகாதேவ லால் ஷ்ராஃப் இந்தப் படிப்பைத் தொடங்கியது, 1948-ல் ஃபார்மசி சட்டம் வந்தது என்று வரிசையாகப் போய்க்கொண்டிருந்தார். நான் பாதித் தூக்கத்தில் இருந்தேன். பிரிவு 42 என்று ஒன்றைச் சொன்னார். பதிவுபெற்ற மருந்தாளுநர் தவிர வேறு யாரும் டாக்டர் சீட்டுக்கு மருந்து தயாரிக்கவோ, கலக்கவோ, எடுத்துக் கொடுக்கவோ கூடாது. மீறினால் தண்டனை உண்டு.

தூக்கம் போய்விட்டது. அப்பா இருபத்தோரு வருஷமாகச் செய்துவந்த வேலை ஒரே வாக்கியத்தில் கரும்பலகையில் கிடந்தது. பக்கத்தில் இருந்தவள் அதை மும்முரமாக நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். நான் எழுதவில்லை. வீட்டுக்கு ஃபோன் செய்தபோதும் சொல்லவில்லை.

சரி, பாடங்களுக்கு வருகிறேன். முதல் செமஸ்டரில் உடற்கூறும் உடலியங்கியலும், அனாலிசிஸ், ஃபார்மசூட்டிக்ஸ், கனிம வேதியியல், கம்யூனிகேஷன் ஸ்கில்ஸ். இதுபோக ஒரு ரெமீடியல் பேப்பர். பிளஸ் டூவில் கணக்கு எடுத்துவிட்டு உயிரியல் படிக்காமல் வந்தவர்களுக்கு ரெமீடியல் பயாலஜி, உயிரியல் எடுத்துவிட்டுக் கணக்கு படிக்காமல் வந்தவர்களுக்கு ரெமீடியல் மேத்ஸ். நான் பியூர் சயின்ஸ் குரூப் எடுத்ததே கணக்கிலிருந்து தப்பிக்கத்தான். அது லாப்லாஸ் டிரான்ஸ்ஃபார்ம் என்ற பெயரில் பின்னாலேயே வந்து கதவைத் தட்டியது. உடம்பில் மருந்து ஏறுவதையும் இறங்குவதையும் கணக்கிட அது வேண்டும் என்பது மூன்றாம் வருஷம்தான் புரிந்தது. சித்தி மகளும் பியூர் சயின்ஸ். அவளுக்கு என் அனுதாபங்கள்.

உடலியங்கியல் லேபில் விரல் நுனியைக் குத்தி நம் ரத்தத்தை நாமே சோதிக்க வேண்டும். ஹீமோகுளோபின் அளவைப் பார்க்கும் இதைச் சாலி முறை என்பார்கள். குழாயில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம், அதில் 0.02 மி.லி. ரத்தம். பத்து நிமிஷம் வைத்தால் காபி டிகாக்‌ஷன் நிறத்துக்கு வரும். பிறகு சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு, பக்கத்தில் இருக்கும் பழுப்புக் கண்ணாடியின் நிறத்துக்குக் கொண்டுவர வேண்டும். எங்கள் பேட்சில் முதலில் மயங்கி விழுந்தது ஜிம்முக்குப் போகும் பையன்தான். எனக்கு ஹீமோகுளோபின் 9.6 வந்தது. தப்பாகச் செய்திருக்கிறேன் என்று மேடம் இன்னொரு விரலையும் குத்தவைத்தார். திரும்பவும் 9.6. மேசையைச் சுற்றியிருந்த பெண்களில் பாதிப் பேர், இருக்க வேண்டிய பன்னிரண்டுக்குக் கீழே. மேடம் ஒன்றும் சொல்லாமல் எல்லோருடைய அப்சர்வேஷன் நோட்டிலும் கையெழுத்துப் போட்டார்.

எனக்குப் பிடித்தது ஃபார்மசூட்டிக்ஸ் லேப்தான். முதல் பயிற்சி சாதாரண சிரப். 667 கிராம் சர்க்கரை, தண்ணீர் சேர்த்து மொத்தம் 1,000 கிராம். மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரையா என்று கேட்டதற்கு, "ஏன்னு நீங்களே யோசிச்சு வாங்க" என்று சார் அனுப்பிவிட்டார். பதில் ஆச்சியிடம் இருந்தது. அதிரசப் பாகு பதம் குறைந்தால் மாவு நாலு நாளில் புளித்துவிடும், பதம் மிஞ்சினால் கல்லாகிவிடும் என்றாள். அதேதான். சர்க்கரை கெட்டியாக இருந்தால் கிருமி வளரத் தேவையான தண்ணீர் அதற்குக் கிடைக்காது. நீர்த்துப் போனால் நொதிக்கும், அளவு மிஞ்சினால் புட்டியின் அடியில் கற்கண்டு விளையும். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) ஆச்சி பெயரைச் சொல்லாமல் இதைச் சொல்லி முழு மதிப்பெண் வாங்கினேன்.

ஆச்சியிடம் இன்னொன்றும் கிடைத்தது. அந்தக் காலத்தில் கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்கு வீட்டிலிருந்தே சீசா கொண்டுபோவார்களாம். கம்பவுண்டர் மிக்சர் ஊற்றிக் கொடுப்பார். சீசாவின் பக்கத்தில் பல் பல்லாக வெட்டிய காகிதப் பட்டை ஒன்று ஒட்டியிருக்கும். ஒரு பல் அளவுக்குக் குறைந்தால் ஒரு வேளை. "எழுத்து தெரியாதவளுக்கும் அது தெரியும்லா" என்றாள். கம்பவுண்டர் என்ற பெயர் அங்கிருந்து வந்தது. கலக்குகிற வேலை கம்பெனிக்குப் போய்விட்டது, பெயர் மட்டும் அப்பாவுக்கு வந்து ஒட்டிக்கொண்டது.

அப்புறம் எமல்ஷன், எண்ணெயும் தண்ணீரும் பிரியாமல் கலந்து நிற்கும் மருந்து. இதைப் பற்றி எழுதாமல் முதல் வருஷத்தைப் பற்றி எழுதவே முடியாது.

லிக்விட் பாரஃபின் எமல்ஷன். மலச்சிக்கலுக்கான எண்ணெய், குடிக்கிற பதத்தில் தண்ணீரோடு கலந்தாக வேண்டும். கணக்கு 3:2:1. எண்ணெய் மூன்று பங்கு, தண்ணீர் இரண்டு, அகேசியா கோந்துப் பொடி ஒன்று. தேங்காயெண்ணெய் மாதிரியான எண்ணெய் என்றால் 4:2:1, யூகலிப்டஸ் தைலம் மாதிரி ஆவியாகும் எண்ணெய் என்றால் 2:2:1. இது மனப்பாடம் ஆகிவிடும், பயப்பட வேண்டாம். பீங்கான் மோர்ட்டாரில் (கல்வத்தில்) எண்ணெயை விட்டு, கோந்துப் பொடியைப் போட்டு லேசாகக் கலக்க வேண்டும். பிறகு அந்த இரண்டு பங்குத் தண்ணீரை ஒரே மூச்சில் ஊற்ற வேண்டும். சொட்டுச் சொட்டாக விட்டால் காரியம் கெட்டது. ஊற்றியதும் பெஸிலை (அதன் குழவியை) ஒரே திசையில் வேகமாகச் சுழற்ற வேண்டும். கை மாற்றக் கூடாது, நிறுத்தக் கூடாது.

முதல் தடவை எனக்கு வரவில்லை. எண்ணெய் தனியாக, கோந்து திப்பித் திப்பியாக மிதந்தது. இரண்டாம் தடவையும் அதே கதை. மூன்றாம் தடவை கை வலியில் அழுகை வந்துவிட்டது. லேப் அட்டெண்டர் அண்ணன் பாத்திரம் எடுக்க வந்தவர், என் மோர்ட்டாருக்குள் விரலை விட்டுத் தடவிப் பார்த்து, "ஈரம் இருக்குல்லம்மா" என்றார். கழுவிவிட்டுக் கவிழ்த்து வைத்திருந்தேன், துடைக்கவில்லை. அடியில் ஒட்டியிருந்த சில சொட்டுத் தண்ணீர் எண்ணெய்க்கு முன்னாலேயே கோந்தைப் பிடித்துக்கொண்டுவிட்டது.

துப்பட்டாவால் துடைத்தேன். (லேப் கோட்டுக்கு மேல் துப்பட்டா போடக் கூடாது என்பது விதி. அன்றைக்குப் போட்டிருந்தது நல்லதாகப் போயிற்று.) மறுபடி எண்ணெய், கோந்து, தண்ணீர். ஒரு நிமிஷம், ஒன்றரை நிமிஷம். மஞ்சளாகக் கலங்கிக் கிடந்தது திடீரென்று வெளுத்தது. பெஸிலின் ஓசை மாறியது. அதுவரை சளசள என்று இருந்தது, 'டப் டப்' என்று ஒட்டி ஒட்டி விடுகிற சத்தமாயிற்று. மோர் கடையும்போது வெண்ணெய் திரளும் நேரத்தில் மத்தின் சத்தம் மாறுமே, அது மாதிரி. பாட்டிமார் அந்தச் சத்தத்துக்குக் காது வைத்திருப்பார்கள். எங்கள் புத்தகத்திலும் அப்படித்தான் போட்டிருந்தது: அந்தச் சத்தம் வந்தால் அடிப்படை எமல்ஷன் உருவாகிவிட்டது என்று அர்த்தம். எண்ணெய் பொடிப் பொடித் துளிகளாக உடைந்து, ஒவ்வொரு துளியைச் சுற்றியும் கோந்து ஒரு சட்டை போட்டுவிடும். துளிகள் ஒளியைச் சிதறடிப்பதால்தான் அந்த வெள்ளை. எனக்கு அந்த நேரத்தில் காரணமெல்லாம் தோன்றவில்லை, லேபில் சத்தமாகச் சிரித்துத் திட்டு வாங்கினேன்.

லீவுக்கு ஊருக்குப் போனால் சாயங்காலம் கடையில் போய் நிற்பேன். புதிதாகப் படித்ததை அப்பாவிடம் அவிழ்த்துவிடுகிற ஆசை. குழந்தைகளுக்கான டோஸ் கணக்கு அப்போதுதான் நடத்தியிருந்தார்கள். யங் சூத்திரம்: குழந்தையின் வயதை, வயதோடு 12 கூட்டி வரும் எண்ணால் வகுத்து, பெரியவர் டோஸால் பெருக்க வேண்டும். அன்றைக்கு ஒரு அக்கா ஆறு வயதுப் பையனுக்குக் காய்ச்சல் என்று வந்தார். அப்பா வழக்கம்போல 500 மி.கி. பாரசிட்டமாலை எடுத்து, "பாதியா ஒடச்சுக் குடும்மா" என்றார். அவர் போனதும் நான் கவர் ஒன்றை எடுத்துப் பின்பக்கம் கணக்குப் போட்டேன். ஆறு வகுத்தல் பதினெட்டு, மூன்றில் ஒரு பங்கு, சுமார் 167 மி.கி. "நீங்க 250 குடுத்துட்டீங்கப்பா, கூடுதல்."

அப்பா கவரை வாங்கிப் பார்த்தார். "புள்ள எத்தன கிலோ இருப்பான்?" என்று மட்டும் கேட்டார்.

கல்லூரிக்குத் திரும்பி சாரிடம் கேட்டேன். வயது சூத்திரமெல்லாம் பரீட்சைக்கு, நடைமுறையில் எடைதான் பேசும் என்றார். பாரசிட்டமால் ஒரு வேளைக்கு கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி. ஆறு வயதுப் பையன் இருபது கிலோ என்றால் 200 முதல் 300. அப்பாவின் பாதி மாத்திரை சரியாக நடுவில் உட்கார்ந்திருந்தது. யங் தோற்றார்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. அப்பாவுக்கு எல்லாக் குழந்தைக்கும் பாதிதான். இரண்டு வயது, பத்து கிலோ என்றால் 250 மி.கி. என்பது கிலோவுக்கு 25. அது தப்பு. சிரப்பிலும் இதே வம்பு: 5 மி.லி.க்கு 125 மி.கி. ஒன்று, 250 மி.கி. ஒன்று. கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்தில் ஒரு மி.லி.யிலேயே 100 மி.கி. இருக்கும். மூன்றும் ஒரே தட்டில், ஒரே கம்பெனியின் ஒரே நிறப் பெட்டியில். "ஒரு ஸ்பூன்" என்று சொல்லி அனுப்பினால் எந்தப் புட்டி, எந்த ஸ்பூன்? அடுத்த லீவில் இதைச் சொன்னபோது அப்பா பதில் பேசவில்லை. மறுநாள் சொட்டு மருந்துகள் மட்டும் கீழ்த்தட்டுக்கு இறங்கியிருந்தன.

இப்படியே போயிற்று அந்த வருஷம். எஸ்.ஆர். என்று போட்ட சர்க்கரை மாத்திரை மெதுவாகக் கரையும்படி செய்தது, பெரிசா இருக்கிறது என்று நொறுக்கிக் கொடுத்தால் அந்த ஏற்பாடு வீணாகிவிடும் என்றேன். ஷெட்யூல் ஹெச்1 என்ற பட்டியலில் உள்ள சில ஆன்டிபயாட்டிக் போன்ற மருந்துகளுக்கு 2014 முதல் நடைமுறையில் இருக்கும் பதிவேடு எதற்கு என்றும் சொன்னேன். நோயாளி பெயர், டாக்டர் பெயர், மருந்து, அளவு எல்லாம் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். கடைப் பதிவேட்டைப் புரட்டினேன். எங்கள் ஊரில் ஆன்டிபயாட்டிக் சாப்பிடுபவர்களில் முக்கால்வாசிப் பேர் முருகன். மீதி லட்சுமி.

பெருமையாக நான் சொன்ன ஒன்று அப்பாவிடம் எடுபடவில்லை. எலிக்சர். ஆல்கஹால் கலந்த, இனிப்பான, தெளிந்த திரவ மருந்து என்பது பாட வரையறை. 1937-ல் அமெரிக்காவில் ஒரு கம்பெனி சல்ஃபனிலமைடு என்ற கிருமிக்கொல்லி மருந்தை டைஎதிலீன் கிளைக்கால் என்ற நச்சுத் திரவத்தில் கரைத்து, ராஸ்பெர்ரி சுவை சேர்த்து எலிக்சர் என்று விற்றது. சுவையைப் பார்த்தார்கள், நிறத்தைப் பார்த்தார்கள், உடம்புக்கு ஆகுமா என்று பார்க்கவில்லை. நூறு பேருக்கு மேல் செத்தார்கள், நிறையக் குழந்தைகள். அன்றைய சட்டத்தில் அதைக் கேட்க வழியில்லை. ஆல்கஹால் இல்லாததை எலிக்சர் என்று லேபிள் ஒட்டியது தப்பு என்றுதான் பிடிக்க முடிந்தது. மறுவருஷமே சட்டம் மாறியது. அப்பா கேட்டுவிட்டு, "அது அந்தக் காலம், அமெரிக்கா" என்றார்.

2025 அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தில் இருமல் சிரப் குடித்துக் குழந்தைகள் இறந்த செய்தி வந்தது. சிரப் தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். அரசு ஆய்வகம் சோதித்ததில் 48.6 சதவீதம் டைஎதிலீன் கிளைக்கால். அனுமதிக்கப்பட்ட எல்லை 0.1 சதவீதம். அன்றிரவு அப்பா ஃபோன் செய்தார். அந்த பிராண்ட் எங்கள் கடையில் இல்லை. ஆனாலும் இருமல் சிரப் எல்லாவற்றையும் இறக்கி அட்டைப்பெட்டியில் போட்டுவிட்டேன் என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நீ சொன்னியே, அந்த அமெரிக்கா மருந்து, அதேதானா?" என்று கேட்டார். அதேதான் என்றேன்.

நடுவில் சொல்ல விட்டுப்போனது ஒன்று உண்டு. 2022-ல் முடித்து, ஃபார்மசி கவுன்சிலில் மருந்தாளுநராகப் பதிவு வாங்கிய ஒரே மாதத்தில் பக்கத்து ஊர் மெடிக்கல் ஓனர் ஒருவர் அப்பாவுக்கு ஃபோன் செய்தார். பாப்பா சர்டிபிகேட் கிடைக்குமா, மாசா மாசம் கணக்கில் போட்டுவிடுகிறேன், ஒருநாள்கூட வர வேண்டாம். தொகையும் சொன்னார், அப்போது எனக்குக் கிடைக்கவிருந்த முதல் சம்பளத்தில் பாதி. அப்பா என்ன சொல்வார் என்று எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை. அவர் வாழ்க்கையே அப்படி ஒரு சான்றிதழின் கீழே நின்றதுதானே. "அவகிட்டயே கேட்டுக்கிடுங்க அண்ணாச்சி" என்று ஃபோனை என் கையில் கொடுத்துவிட்டு முற்றத்துக்குப் போய்விட்டார். நான் முடியாது என்றேன். ராத்திரி சாப்பிடும்போது அப்பா கேட்டார், "அந்த போட்டோக்காரன் இப்ப எங்க இருப்பான்? முடியெல்லாம் கொட்டிருக்கும், என்ன?"

இப்போது அப்பாவின் கடையில் டி.ஃபார்ம் (ஃபார்மசி டிப்ளமோ) முடித்த தம்பி ஒருவன் உட்கார்கிறான். சுவரில் சான்றிதழ் மாறிவிட்டது. போட்டோவில் இருப்பவனும் நாற்காலியில் இருப்பவனும் ஒரே ஆள். நான் மதுரையில் ஒரு மருத்துவமனை ஃபார்மசியில் இருக்கிறேன். போன பொங்கலுக்குப் போனபோது பார்த்தேன், அப்பா அட்டையை நறுக்குகிற பக்கத்தை மாற்றியிருக்கிறார். முன்பெல்லாம் காலாவதித் தேதி இருக்கும் பக்கத்திலிருந்து நறுக்கிக் கொடுத்துவிடுவார், கடையில் மிஞ்சும் துண்டில் தேதி இருக்காது. இப்போது தேதி கடைத் துண்டில் நிற்கிறது, கொடுக்கிற கவரின் மேல் அதைப் பேனாவால் எழுதிவிடுகிறார். 1-0-1-க்குக் கீழே.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே சித்தி மகளிடமிருந்து ஒரு படம் வந்தது. மோர்ட்டார். எண்ணெய் மேலே மிதக்கிறது, கோந்து திப்பித் திப்பியாக. கீழே மூன்று அழுகை முகங்கள். "அக்கா நாலாவது தடவை. ஏன் இப்படி ஆகுது?"

"கழுவிட்டு துடைச்சியா?" என்று கேட்டேன். நீல டிக் வந்துவிட்டது. பதில் இன்னும் வரவில்லை.